சிறுவிடைக் கோழியும் மூன்று கூடுகளும்

முதலில் சேவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் நாட்டுக்கோழி கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் மன்னார்குடிப் பக்கம் எந்த வீட்டுக் கொல்லையில் பார்த்தாலும் ஐந்தாறு பெட்டை இருக்கும், சேவல் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றும் எப்படி மிஞ்சியது என்று பாருங்கள். வாட்டசாட்டமாக நின்றதை அய்யனாருக்கு நேர்ந்துவிட்டிருப்பார்கள், அடுத்ததைத் தீபாவளிக்கு வந்த மருமகனுக்கு அறுத்திருப்பார்கள், அதற்கும் அடுத்தது கைச்செலவுக்காக வியாபாரியின் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போயிருக்கும். யாரும் கேட்காமல் மிச்சம் நின்ற நோஞ்சான்தான் அடுத்த வருஷக் குஞ்சுகளுக்கெல்லாம் அப்பன். அதுவும் அந்தப் பெட்டைகளுக்கே மகனாகவோ கூடப்பிறந்ததாகவோ இருக்கும். சில வருஷம் இப்படியே ஓடினால் கூமுட்டை கூடும், குஞ்சு தேறாது, "இந்த ரகமே சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு வேனில் விற்க வருகிற பெரிய ரகக் குஞ்சை வாங்கிவிடுவார்கள். கோழி அழிந்துபோவது இப்படித்தான். சத்தமே இல்லாமல், நல்லதை எல்லாம் நாமே எடுத்துச் சாப்பிட்டு.

நான் வளர்ப்பது சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. பெட்டை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், சேவல் ஒன்றரைக் கிலோ பக்கம் நிற்கும். ஒரு ஈட்டில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது நஷ்டக் கோழி. பெருவிடைக்குச் சேவற்கட்டு ஆசாமிகள் இருக்கிறார்கள், பாதாம் பருப்பு வாங்கிப்போட்டு வளர்ப்பார்கள். கடக்நாத்துக்கு 2018இல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பெயரில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, கறுப்புக் கறி என்று விலையும் ஏறியது. சிறுவிடைக்கு அப்படி ஆதரவாளர் யாரும் கிடையாது. கொல்லையில் தானாகத் திரிந்து, தானாகப் பொறுக்கித் தின்று, தானாகக் குஞ்சு பொரித்து, பருந்து வந்தால் தானாகவே காப்பாற்றிக்கொள்ளும் கோழி என்பதால் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

தாய்க்கோழிகளைச் சேர்க்கப் போனபோது நிறத்தையோ எடையையோ பார்க்கவில்லை. வீட்டில் கோழியைக் கவனிக்கும் பெண்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: இது போன தடவை எத்தனை குஞ்சை ஆளாக்கியது? எத்தனை பொரித்தது என்பது வேறு விஷயம். பத்து பொரித்து இரண்டைத் தேற்றிய கோழியைவிட ஏழு பொரித்து ஐந்தைத் தேற்றிய கோழி எனக்கு உசத்தி. நீடாமங்கலம், வடுவூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் ஊர்களாகப் பார்த்து வாங்கினேன். ஒரே தெருவில் வாங்கினால் எல்லாம் ஒரு தாய் மக்களாகத்தான் இருக்கும். நிறம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்: செவலை, கறுப்பு, சாம்பல், கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான்கூட உண்டு. கழுத்தறுத்தானைப் பார்த்தால் சிலருக்கு அருவருப்பு, ஆனால் சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது அது பாட்டுக்கு மேயும், உடம்புச் சூடு அந்த வெற்றுக் கழுத்து வழியாக வெளியேறிவிடும். நிறத்தை வைத்துக் கழிக்க ஆரம்பித்தால் பாதிச் சொத்தை நாமே தூக்கி எறிந்த மாதிரி.

காலில் மஞ்சள் இருந்தால் அது கலப்பு என்று ஒருவர் சொன்னார். கலப்புதான், ஆனால் அவர் நினைக்கிற கலப்பு இல்லை. வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும் இந்த மஞ்சள் தோலுக்கான மரபணு நம் தென்னிந்தியக் காட்டில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பண்ணைகளில் மஞ்சள் காலோடு திரிகிற கோழிக்கெல்லாம் நம்ம ஊர் காட்டுச்சேவல் ஒன்று பாட்டன்.

புதிதாக வந்த கோழிகளை வந்த அன்றே மந்தையில் விடக்கூடாது. மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோயின் கிருமி உள்ளே இருந்தால் அந்த நாட்களுக்குள் வெளியே காட்டிவிடும். அவசரப்பட்டு விட்டால் உள்ளதும் போய்விடும்.

இனி கூட்டுக் கணக்கு. ஒரு மந்தையில் உண்மையில் எத்தனை கோழியின் ரத்தம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதற்கு ஒரு எளிய வாய்பாடு இருக்கிறது. சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 21 பெட்டைக்கு ஒரே சேவல் என்றால் 84ஐ 22ஆல் வகுத்து 3.8 வரும். அதாவது கண்ணுக்கு 22 கோழி தெரிந்தாலும் ரத்தக் கணக்கில் நாலு கோழிகூட இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் நெருங்கிய உறவுக் கலப்பு 13 சதவீதம் ஏறும். அதே 21 பெட்டைக்கு ஆறு சேவல் வைத்தால் 18.7 ஆகிவிடுகிறது, உறவுக் கலப்பு மூன்று சதவீதத்துக்குள் இறங்கிவிடுகிறது. பெட்டையைக் கூட்டிப் பலனில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஐம்பது பெட்டை வைத்தாலும் சேவல் ஒன்று என்றால் அந்த எண் நாலைத் தாண்டவே தாண்டாது. ஆறு சேவலுக்குத் தீனி போடுவது தண்டச்செலவு என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். "முட்டையும் போடாது, சண்டையும் ஓயாது, எதுக்குடா இத்தனை?" முட்டை கணக்கில் பார்த்தால் அவள் சொல்வது சரிதான்.

ஆறு சேவலையும் ஒரே மந்தையில் விட்டால் ஒன்று மற்றதை அடக்கிவிட்டு எல்லாப் பெட்டையையும் தானே மிதிக்கும், கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். அதனால் மூன்று கூடு. ஒவ்வொன்றிலும் ஏழு பெட்டை, இரண்டு சேவல். கூட்டுக்கு ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். அந்தந்த நிறத்துப் பிளாஸ்டிக் வளையம் காலில் இருக்கும். பிறக்கும் பெட்டைக் குஞ்சு தாயின் கூட்டிலேயே தங்கும். சேவல் குஞ்சு வளர்ந்ததும் அடுத்த கூட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகும்: சிவப்பு மஞ்சளுக்கு, மஞ்சள் நீலத்துக்கு, நீலம் சிவப்புக்கு. எப்போதும் ஒரே திசையில். இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தால் கூடப்பிறந்தவை சேர வழியே இல்லை, தனித்தனியாக வம்சாவளி எழுதிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு கூட்டின் இரண்டு சேவலையும் ஒன்றாக விடுவதில்லை. ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது பஞ்சாரக் கூடைக்குள் இருக்கும், கொஞ்ச நாள் கழித்து மாற்றுவேன்.

வருஷம் முழுக்க வலைக்குள் போட்டு வைத்தால் அது சிறுவிடையே இல்லை, வெறும் கூண்டுக் கோழி. மற்ற மாதங்களில் எல்லாம் கலந்துதான் மேயும். தை பிறந்து, சம்பா அறுப்பு முடிந்து, தரை காய்ந்ததும்தான் மூன்றாகப் பிரித்து வலைக்குள் விடுவேன். பிரித்த உடனே முட்டையை அடைக்கு எடுக்கக்கூடாது. பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும், அதுவரை வரும் முட்டைக்கு அப்பன் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் மூன்று வாரத்து முட்டை முழுக்க வீட்டுக்கு ஆம்லெட். நாலாவது வாரத்திலிருந்து வருவதுதான் விதை முட்டை. அந்தப் பருவத்தில் பொரிக்கும் குஞ்சு ஐப்பசி மழைக்குள் நன்றாக இறகு கட்டித் தேறிவிடும் என்பது இன்னொரு லாபம்.

விதை முட்டையை மணல் போட்ட மண்பானையில் கூர் முனை கீழே இருக்கும்படி வைப்போம், மணலில் லேசாக ஈரம் இருக்கும். ஒரு வாரத்தைத் தாண்டிய முட்டையை வைப்பதில்லை, பொரிப்பு குறைந்துவிடும். சிறுவிடையின் உடம்புக்கு ஒன்பது, அதிகம் போனால் பதினொன்று. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு சேராது. கூடையில் மணல், மேலே வைக்கோல், பேன் வராமல் இருக்க நொச்சி இலையோ வேப்பிலையோ. அத்தை ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைக்காமல் விடமாட்டாள், இடி இடித்தால் முட்டை கலங்கிவிடுமாம். அதில் உண்மை இருக்கிறதோ இல்லையோ, ஒரு தொந்தரவும் இல்லை, வைத்துவிட்டுப் போகட்டும். ஏழாம் நாள் ராத்திரி போன் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கரு இருப்பதில் சிவப்பு நரம்பு சிலந்திக் கால் மாதிரி பரவியிருக்கும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடுவேன். எடுத்ததை எந்தக் கூடு என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். ஒரே கூட்டில் தொடர்ந்து வெற்று முட்டை வந்தால் கோளாறு பெரும்பாலும் அப்போது உள்ளே இருந்த சேவலிடம்தான். இருபத்தோராம் நாள் பொரித்ததும் குஞ்சு காயும் முன்னே விரல் இடுக்குத் தோலில் சின்னதாக ஒரு துளை: சிவப்புக்கு இடது காலில், மஞ்சளுக்கு வலது காலில், நீலத்துக்கு இரண்டிலும். குஞ்சுக்கு வளையம் போட்டால் கால் பருக்கப் பருக்க இறுகிவிடும், ஆகவே வளையம் பெரிதான பிறகுதான்.

இன்குபேட்டர் என்னிடமும் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. விற்பனைக்கு வேண்டிய குஞ்சை அதில்தான் பொரிக்கிறேன். ஆனால் வம்சத்துக்கு வைத்துக்கொள்ளும் குஞ்சு தாய் அடைகாத்து வளர்த்ததாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். இதற்குக் காரணம் பாசமெல்லாம் இல்லை. மெஷின் பொரித்துக் கொடுத்தால் அடைக்கே உட்காராத கோழிக்கும் நல்ல தாய்க்கோழிக்கும் ஒரே மாதிரி வாரிசு கிடைக்கும். இன்னும் சொன்னால் அடைக்கு உட்காராத கோழி கூடுதலாக முட்டை போடும், அதனால் அதன் வாரிசுதான் அதிகமாகும். சில தலைமுறையில் அடைகாக்கும் குணமே போய்விடும். பண்ணை முட்டைக் கோழி அப்படித்தான் உருவானது, அங்கே அது வேண்டுமென்றே செய்தது. இங்கே நம்மை அறியாமல் நடந்துவிடும். முட்டைக்காக அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்திவிடுவது எல்லாம் ஊரில் இன்னும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது, செய்வதும் இல்லை.

சேவல் குஞ்சைத் தேர்ந்தெடுப்பது ஐந்தாறு மாதத்தில். எடையில் முதலில் நிற்பதை எடுக்க மாட்டேன், கடைசியில் நிற்பதையும் எடுக்க மாட்டேன். பெரியதையே வருஷா வருஷம் எடுத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச காலத்தில் அது சிறுவிடையாக இருக்காது, கனத்த உடம்பு மரத்தில் ஏறவும் யோசிக்கும், ஓடவும் யோசிக்கும். கால் நேராக இருக்கிறதா, தாய் எத்தனை குஞ்சைத் தேற்றினாள், மேலே நிழல் விழுந்தால் முதலில் குரல் கொடுக்கிறதா, இரை கண்டால் பெட்டையைக் கூப்பிடுகிறதா. இவ்வளவுதான் பார்ப்பது. ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு மகள் என்று சமமாக எடுக்கப் பார்க்கிறேன். ஒரே அழகான தாயின் குஞ்சாகவே எடுத்துவைத்தால் முன்னே போட்ட கணக்கெல்லாம் வீண்.

நோயைப் பற்றி ஒரு பேச்சு ஊரில் உண்டு: "நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு, ஊசியெல்லாம் பண்ணைக்காரனுக்கு." மழை, வெயில், குறைந்த தீனி எல்லாவற்றையும் தாங்கும் என்பது நிஜம். வெள்ளைக்கழிச்சலைத் தாங்காது. 1927இல் குமாவூன் மலையில் ராணிக்கேத்தில் கண்டறிந்த நோய், அந்த ஊர்ப் பெயரிலேயே நம்மிடமும் ராணிக்கெட் என்று நின்றுவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகிக்கொள்ளும். ஊசி போடாத மந்தையில் புகுந்தால் கூட்டையே காலி செய்துவிடும். கோடை தொடங்கும் மாசி, பங்குனியில்தான் அதிகம் வருகிறது, நம் குஞ்சுப் பருவமும் அதேதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நாலாவது வாரம் இன்னொரு முறை, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்.டி.வி.கே என்னும் தடுப்பூசி. கால்நடைத் துறை வருஷா வருஷம் இரண்டு வாரம் இலவசமாக முகாம் போடுகிறது, அதை விடவே கூடாது. சொந்தமாக வாங்கினால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதனால் தெருவில் எல்லா வீட்டுக் கோழியையும் விடிகாலையில் கூட்டைத் திறக்கும் முன்னே ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டால் நம் கோழிக்குத்தான் பாதுகாப்பு. மருந்து ஐஸ் விட்டு வெளியே வந்தால் செத்த மருந்து, ஐஸ் போட்ட பிளாஸ்க் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

டெல்டாவுக்கென்றே இருக்கும் இரண்டு தொல்லைகள். ஒன்று வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து. நெல் மணி மாதிரியே கிடக்கும், கோழி பொறுக்கித் தின்றால் வரப்பிலேயே சுருண்டுவிடும். பக்கத்து வயலில் மருந்து போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு வாரமாவது கோழியை வெளியே விடுவதில்லை. வயல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். இன்னொன்று மழைக்காலத்து ஈரம். எங்கள் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வடியவே வடியாது. ஈரத் தரையில் படுத்த குஞ்சு ரத்தமாகக் கழிந்து சாகும். அதனால் மூன்று கூடும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், மூங்கில் பட்டை போட்டு, எச்சம் கீழே விழும்படி இடைவெளி விட்டுக் கட்டியது. கால்களில் இரண்டடிக்கு வழுவழுப்பான தகரம் சுற்றியிருக்கிறது, பாம்பும் மரநாயும் ஏறாது. கீரிக்கு மட்டும் தனி ஜாக்கிரதை வேண்டும், இரண்டு விரல் நுழையும் சந்து அதற்குப் போதும். குஞ்சுக்கு இரையாகக் கரையான் சேர்க்கும் சட்டி மழையில் பலன் தராது. மற்ற நாளில் திடலில் ஈரச் சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் போட்ட சட்டியைச் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் காலையில் குஞ்சுக்கு நல்ல இரை. மழையில் அரிசிக் குருணையும் தவிடும்தான்.

இவ்வளவு செய்தும் எல்லாம் ஒரே கொல்லையில் இருந்தால் அர்த்தமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பக்கம் விழுந்த தென்னையை எண்ணினார்கள், மாட்டை, ஆட்டை எண்ணினார்கள். கொல்லைக் கோழி எத்தனை போனது, எந்த வீட்டு ரகம் அத்தோடு முடிந்தது என்று யாரிடம் கேட்பது. அதனால் இப்போது கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடுகிறேன். நம் ஊரில் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றுக்கும் இருந்த பழைய ஏற்பாடுதான், தாய் என்னுடையது, வளர்ப்பு உன்னுடையது, குஞ்சில் பாதிப் பாதி. ஒரு மாற்றம் மட்டும் செய்தேன்: என் பங்கை நான் கறிக்கோ காசுக்கோ கேட்பதில்லை, வருஷத்துக்கு இரண்டு நல்ல சேவலாகக் கொடுத்தால் போதும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நண்பரும், வேதாரண்யம் பக்கம் என் பெரியம்மா வீடும் இதே மூன்று கூட்டு முறையில் வைத்திருக்கிறார்கள். மூன்று இடமும் சேர்ந்தால் 18 சேவல், 63 பெட்டை. அதே வாய்பாட்டில் போட்டால் 56 வருகிறது. தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் உறவுக் கலப்பு ஏறாமல் இருக்க 50 வேண்டும் என்பதுதான் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் சொல்லும் அளவு, சேவல் ஒழுங்காக இடம் மாறிக்கொண்டே இருந்தால் கொல்லைக் கோழி வைத்தே அதைத் தொட்டுவிடலாம்.

பெரியம்மா வீட்டில் போன தடவை கேட்ட சேவலைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்தத் தை மாதம் நாலைந்து சேவல் குஞ்சைக் கூடவே கொண்டுபோகப் போகிறேன், சாமிக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, மீதி கூட்டுக்கு.